வலது காதில் சந்தனம்

போன வாரக் கதையில், மலாக்கா பாச்சாங் வீட்டில் காலையில் நடந்த சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இதற்குள் நீங்கள் கட்சி பிரிந்திருப்பீர்கள். மாமியார் கட்சி, மருமகள் கட்சி இரண்டும் கொஞ்சம் பொறுங்கள். பொழுது இன்னும் சாயவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. அனுசியா மலாக்காவில் ஹெட்போன் செய்கிற ஒரு ஜப்பான்காரக் கம்பெனியில் துணை இன்ஜினியர். அவள் கணவன் காந்தன் வேலை விஷயமாக ஜொகூருக்குப் போயிருக்கிறான். வீட்டில் சண்டை வரும் வாரமாகப் பார்த்து வெளியூர் போவது அவனுக்குக் கைவந்த கலை. மாமனார் வீரப்பன் பாச்சாங்கிலேயே மோட்டர் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். அவர் போன தீபாவளியிலிருந்து மருமகளோடு பேசுவதில்லை.

"காதுல மாட்டுற பொம்மை செய்யுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவர் பட்டறையில் நாலு பேர் முன்னால் கேட்டார். "ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு அது வெளங்காது மாமா" என்று அவள் அதே நாலு பேர் முன்னால் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாம்பாரில் உப்பு இல்லை என்றால்கூட, பரிமாறிக்கொண்டு எதிரே நிற்பவளிடம் சொல்ல மாட்டார். "மீனம்மா, உன் மருமககிட்ட சொல்லு" என்பார். மாமியார் மீனம்மாவும் தபால்காரர் மாதிரி, "அனு, உப்பு இல்லையாம்" என்பார்.

நேற்று ஆயுத பூஜை. அனுசியா ஓவர்டைம் முடிந்து வந்தபோது பூஜை முடிந்திருந்தது. சாமி படத்துக்கு முன்னால் பெரிய தட்டில் பட்டறை ஸ்பேனர்களும் சுத்தியலும் எண்ணெய் போகக் கழுவி, சந்தனம் குங்குமத்தோடு கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி படுத்திருந்தன. கேட்டுப் பார்ப்பதற்காகக் கம்பெனியில் கேட் பாஸ் வாங்கிக் கொண்டுவந்திருந்த சாம்பிள் ஹெட்போனை அவள் ஹால் அலமாரி மேல் வைத்தாள், குளித்தாள், சாப்பிட்டாள், படுத்தாள்.

விடிந்து பார்த்தால் ஹெட்போன் அலமாரியில் இல்லை. பூஜைத் தட்டில், ஸ்பேனர்களுக்கு நடுவில் கிடந்தது. வலது காதுக் குமிழின் முதுகில் கடலைப் பருப்பு அளவுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"யாரு அத்தை இத வெச்சது?"

"நாந்தான்" என்றார் மீனம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அனுசியாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இது என்ன அம்மிக்கல்லா, பொட்டு வெக்க? ஒரு வருஷத்து வேலை அத்தை! இன்னிக்குக் கம்பெனிப் பெரியவங்க வந்து காதுல மாட்டிக் கேக்கப் போறாங்க. வேணும்னே கெடுத்தீங்களா?"

வேண்டுமென்றே என்ற அந்த ஒரு சொல்தான் போன வாரக் கதையின் முடிவில் மீனம்மாவைக் கைப்பை தூக்க வைத்தது. பக்கத்து ஊர் ஜாசினுக்குப் பஸ் ஏறி, அங்கே இருக்கும் மகள் தாரணி வீட்டுக்குப் போய்விட்டார். வாசலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த வீரப்பன் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு, மோட்டரை உதைத்துக் கிளப்பிப் பட்டறைக்குப் போனார். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அனுசியா ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். குமிழ் பழையபடி கறுப்பாகப் பளபளத்தது. கம்பெனி பஸ் முக்கில் ஹாரன் அடித்தது.

இனிமேல் நடந்ததுதான் இந்த வாரக் கதை.

பஸ்ஸில் அவளுக்கு இரண்டு கவலை. மாமியாரைப் பேசியது ஒரு பக்கம். மடியில் இருந்த அந்தக் குட்டிப் பெட்டி இன்னொரு பக்கம்.

கடையில் விற்கிற ஹெட்போன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காதின் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும். பஸ் சத்தம் உள்ளே வரும், பாட்டு வெளியே போகும். அப்படிப் போவதில் முதலில் ஓடிப்போவது கனமான சத்தம்தான். தவிலின் 'தொம்' கிளம்பிவிடும், ஜால்ரா மட்டும் காவல் இருக்கும். அனுசியாவின் குழு ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருந்தது வேறு ஜாதி. பட்டாணி அளவு ரப்பர் குல்லா போட்டுக்கொண்டு காதுக் குழிக்குள்ளேயே இறங்கி அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டுச் சத்தம் ஒழுகாது.

ஆனால் அங்கேதான் வம்பும் பிறந்தது. ஒழுகாத சத்தம் உள்ளேயே கூடிக் கும்மென்று குழம்பியது. பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது.

அந்தக் குமிழுக்குள் என்ன இருக்கிறது என்று முதல் தடவை பார்த்த அன்றைக்கு அனுசியா மதியச் சோற்றை மறந்து நின்றாள். வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு சவ்வு. அதன் முதுகில், தலைமுடியைவிடச் சன்னமான செம்புக் கம்பியைச் சுருட்டி ஒட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு குட்டிக் காந்தம். அவ்வளவுதான் சமாசாரம். அந்தச் சவ்வு துடிக்கிற துடிப்பில்தான் ஒரு பெண்ணின் குரலும், அவள் பாட்டுக்கு நடுவே இழுக்கிற மூச்சும் வந்துவிடுகிறது.

சவ்வு துடிக்க வேண்டுமென்றால் அதற்கும் மூச்சு வேண்டும். அதற்காகக் குமிழின் முதுகில் ஊசிமுனையால் குத்தியது போல ஒரு துளை. துளையைத் திறந்து விட்டால் சவ்வு கட்டவிழ்த்த கன்றுக்குட்டியாகத் துள்ளிச் சத்தத்தைக் குழப்பும். மூடினால் மூச்சு முட்டி, பாட்டு சீக்காளி மாதிரி இளைத்து வரும். பெரிய துளை, சின்னத் துளை, துளை மேல் காகிதம், துணி என்று எதை எதையோ வைத்துப் பார்த்தார்கள். காகிதம் மலாக்கா ஈரத்தில் ஊறியது. துணியைப் பசை தின்றது.

ஒசாக்காவிலிருந்து வந்துபோகும் தலைமை இன்ஜினியர் ஹயாஷி போன தடவை சொல்லிவிட்டுப் போனார். "அது மூச்சு விட வேண்டும். ஆனால் தாராளமாக விடக் கூடாது." இன்றைக்கும் அது வசப்படவில்லையென்றால் இந்த வேலையையே மூடிவிடுவது என்று பேச்சு. குழு கலைந்துவிடும். அனுசியா மறுபடியும் பழைய வகை ஹெட்போன்களைப் பரிசோதிக்கிற மேசைக்குப் போக வேண்டியதுதான். அந்தத் துளையை விட்டுவிட்டுப் போவதை அவளால் நினைக்கவே முடியவில்லை. கடுகு நுழையாத ஒரு துளை ஒரு முழுக் கச்சேரியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

கம்பெனி வாசலிலேயே பவானேஸ்வரி காத்திருந்தாள். மைக்ராஸ்கோப் பார்த்துச் செம்புச் சுருள் ஒட்டுகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி.

"அனு, அவரு வந்துட்டாரு லா! மேல உக்காந்திருக்காரு. எங்கடி சாம்பிள்?"

"அக்கா, மெஷின்ல வெச்சு ஒரு தடவை அளந்து பாத்துட்டு..."

"அளக்கறதா? அவரு ரெண்டாவது கோப்பி குடிச்சிட்டாரு. ஓடு!"

அனுசியா ஓடினாள்.

ஹயாஷி வெள்ளைத் தலை, ஒல்லி உடம்பு. பேசுவது ஆங்கிலம், அதுவும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத்தான். பெட்டியைத் திறந்து புது ரப்பர் குல்லாக்களை மாட்டினார். இரண்டு காதிலும் குமிழ்களை இறக்கினார். பக்கத்தில் இருந்த சி.டி. பிளேயரில் ஏதோ நரம்பு வாத்தியம். கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணை மூடியவர் நெற்றியைச் சுருக்கினார். இடதைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். வலதைக் கழற்றினார். திரும்ப மாட்டினார்.

"இரண்டும் வேறு வேறாக இருக்கிறது" என்றார்.

அனுசியாவின் கண் வலது குமிழின் முதுகுக்கு ஓடியது. சந்தனம்! மேலே துடைத்தாள், சரி. துளைக்குள் போனது எங்கே போகும்? அடைபட்டிருக்கும். வலது பக்கம் செத்திருக்கும். ஒரு வருஷத்து வேலை ஒரு பொட்டில் போயிற்று. பவானேஸ்வரி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோல் கருவி ஏதாவது இருக்கிறதா? மேளம் மாதிரி?" என்று கேட்டார் ஹயாஷி.

அவளுடைய வாக்மேனில் ஜாசின் கோயில் திருவிழாவில் அவளே பதிவு செய்த நாதஸ்வரம், தவில் கேசட் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். ஹயாஷி இடது குமிழைக் கழற்றி மேசையில் வைத்தார். வலதை மட்டும் காதில் விட்டுக்கொண்டார்.

அவர் அசையவே இல்லை. மேளம் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். அவருடைய விரல் ஒன்று மட்டும் மேசை விளிம்பில் தாளத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

பிறகு குமிழைக் கழற்றி, குல்லாவை மாற்றி, அனுசியாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக் காதில் இறக்கினாள். ஃபேக்டரி காணாமல் போயிற்று.

இந்தக் கேசட்டை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். கேட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தவில்காரர் வலது கை விரல்களில் மாட்டிய கூடு தோலில் படுவது தனியாகக் கேட்டது. இடப்பக்கம் குச்சி விழுவது தனியாகக் கேட்டது. 'தொம்' என்பது வெறும் சத்தமாக வரவில்லை. தோல் உள்ளே குழிந்து, எழும்பி, அடங்குகிற வரைக்கும் அதன் முழு உருவத்தோடு வந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதற்கு முன்னால் சீவாளியை நாக்கால் ஈரப்படுத்துவதுகூட வந்தது. தூரத்தில் யாரோ ஒரு பெண், "புள்ளைய புடி லா, நெருப்புகிட்ட போவுது!" என்று கத்தினாள். அப்படி ஒருத்தி அந்தக் கேசட்டில் இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அனுசியாவின் கண் நிறைந்துவிட்டது. இடதை எடுத்துக் கேட்டாள். அதே கும்மென்ற பானை. மறுபடி வலதை வைத்தாள். மறுபடி அந்தத் திருவிழா, அந்த மாலை, அந்தத் தோலின் மூச்சு.

"வலது பக்கத் துளையில் என்ன பொருள் வைத்தாய்?" என்று கேட்டார் ஹயாஷி.

கதையில் இது ஒரு முச்சந்தி. அவள் வாயைத் திறந்து, 'புதுசாக ஒன்று முயன்று பார்த்தேன்' என்று சொன்னால் போதும். யார் கண்டார்கள்? தூசி புகாத அறையில், தலைமுடிக்கும் காலுக்கும் உறை போட்டுக்கொண்டு செய்கிற சாமானில் பூஜைச் சந்தனம் என்று சொன்னால் வேலையே போகலாம். சொல்லலாமா, மறைக்கலாமா என்று அவள் ஒரு நொடி தடுமாறியது நிஜம். ஆனால் காதில் இன்னும் அந்தத் தவில் இருந்தது. அவ்வளவு உண்மையான சத்தத்தைக் கேட்ட காதோடு பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"நான் எதுவும் வைக்கல. நேத்து எங்க வீட்டுல பூஜை. வேலை செய்யுற சாமானுக்கெல்லாம் சந்தனம் வைப்போம். இதுக்கும் வெச்சுட்டாங்க. நான் தொடச்சேன். உள்ள கொஞ்சம் தங்கிடுச்சு போல."

ஹயாஷி எழுந்தார். "காட்டு" என்றார்.

பவானேஸ்வரி குமிழை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துத் திருகினாள். "ஆத்தாடி" என்று வாய்விட்டுச் சொன்னாள். துளையின் வாயில் மெல்லிய சந்தன ஏடு காய்ந்து கிடந்தது. வற்றிய குளத்தின் அடிமண் மாதிரி அதில் சன்னஞ்சன்னமாக வெடிப்புகள். காற்று அந்த வெடிப்புகள் வழியாக, இடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் போய்வர முடியும். மூச்சு உண்டு, தாராளம் இல்லை. ஒரு வருஷமாக எல்லோரும் தேடியது அதுதான்.

ஹயாஷி வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பண்டிகைக்கு வந்த விருந்தாளியின் சிரிப்பு இருந்தது.

"எங்கள் ஊரில் உடைந்த ஊசிகளுக்கு நன்றி சொல்லி வழியனுப்ப ஒரு நாள் உண்டு" என்றார். "என் அம்மா தையல் வேலை செய்தவர். அந்த நாளில் ஊசிகளைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்."

பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு இன்ஜினியரானார். "சந்தனத்தை வைத்து நாம் விற்க முடியாது. ஆனால் இது காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தால், அதே அளவு தடுக்கிற ஒரு வலையை நெய்யச் சொல்லலாம். அதற்கு இடது பக்கமும் இதே மாதிரி வர வேண்டும். ஒன்று வந்தால் அது அதிர்ஷ்டம். இரண்டு வந்தால்தான் டிசைன். நாளை சாயங்காலம் எனக்கு விமானம். இதை வைத்த கையைக் கூட்டிக்கொண்டு வா."

"கையையா?"

"ஆளோடு" என்றார் அவர், வெகு தீவிரமாக.

அனுசியா சும்மா கிளம்பிவிடவில்லை. பவானேஸ்வரி கைப்பையில் வைத்திருந்த கடைச் சந்தனத்தூளைத் தண்ணீரில் குழைத்து வேறு ஒரு குமிழில் வைத்துப் பார்த்தார்கள். மூச்சு முட்டியது. கொஞ்சமாக வைத்தார்கள். பொலபொலவென்று உதிர்ந்தது. கட்டியாகக் குழைத்தார்கள். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் ஓட்டை விட்டது.

"இது நம்ம கைக்கு வராது லா" என்றாள் பவானேஸ்வரி. "போயி ஒங்க மாமியார் கால்ல விழு. காலையில என்ன பேசினியோ, அதுக்கும் சேத்து விழு."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அனுசியா ஜாசின் பஸ் ஏறினாள். வாக்மேனும் சாம்பிள் ஹெட்போனும் மடியில். ஜன்னலுக்கு வெளியே செம்பனைத் தோட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. அத்தையிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று அவள் வழி நெடுக ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் 'வேணும்னே கெடுத்தீங்களா' என்ற அவளுடைய குரலே குறுக்கே வந்து நின்றது. பூஜையில் பொட்டு வைத்தவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தாரணி வீட்டுப் பின்கட்டில் மீனம்மா முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். மருமகளைப் பார்த்ததும் கை நின்றது. முகம் மட்டும் முறத்தை விட்டு எழவில்லை.

"அண்ணி, ஒக்காருங்க, கோப்பி போடுறேன்" என்று தாரணி நைசாக உள்ளே நழுவினாள். சண்டை வந்தால் நழுவுவதில் அண்ணன் காந்தனுக்குத் தப்பாத தங்கை.

அனுசியா சிமெண்டுத் தரையில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை.

"அத்தை, நான் பேசினது தப்பு."

மீனம்மா ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டார்.

"கெட்டுப் போகல அத்தை. அதனாலதான் நல்லா வந்திருக்கு. நீங்களே கேளுங்க."

"எனக்கென்ன தெரியும் அதெல்லாம்? கை நாத்தம்" என்று மீனம்மா ஒதுங்கினார். அனுசியா விடவில்லை. மாமியாரின் தோட்டுக்கு மேல் விழுந்த நரைமுடியை ஒதுக்கி, வலது குமிழை மெல்லத் திருகிக் காதுக் குழிக்குள் இறக்கினாள். வாக்மேன் பொத்தானை அமுக்கினாள்.

மீனம்மா 'ஹா' என்று வாய் பிளந்தார். முறம் மடியிலிருந்து நழுவியது. வீட்டுப் பூனைக்கு அன்று நல்ல காலம், அதை விரட்டக்கூட யாரும் இல்லை.

"யாருடி இது? உள்ள உக்காந்துகிட்டு வாசிக்கிறான்!" காது அடைத்திருந்ததால் அவர் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினார். "அனு, கோயிலு எந்தப் பக்கம் இருக்கு? சாமி பொறப்படுதுடி! கேக்குதா ஒனக்கு?"

"எனக்குக் கேக்காது அத்தை. ஒங்களுக்கு மட்டுந்தான்."

"எனக்கு மட்டுமா?" என்று கேட்டார் மீனம்மா. அந்த வயதுக்கு அவருக்கென்று மட்டும் யாரும் எதுவும் வாசித்ததில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்குவது தெரியாமலே, நாதஸ்வரம் ஏறுகிற இடத்தில் தலையும் சேர்ந்து ஏற, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இவ்வளவு பெரிய மேளம் இவ்வளவு சின்னச் சாமானுக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று அவர் முகம் கேட்டது. அனுசியாவிடம் விளக்கம் இருந்தது. சவ்வு, சுருள், காந்தம், துளை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது அவளுக்கும் அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை.

கேசட் ஒரு பக்கம் ஓய்ந்தது. மீனம்மா குமிழைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பொம்மை பொம்மைன்னு சொன்னோம்" என்றார் மெதுவாக.

"அத்தை, அந்தச் சந்தனத்த எப்படி வெச்சீங்க? நாளைக்கு இடது பக்கத்துக்கும் அதே மாதிரி வேணும். ஒங்களையே கம்பெனிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு ஜப்பான்காரரு."

மீனம்மா முறத்தை இழுத்து வைத்துக்கொண்டார். நெத்திலியைத் தேடினார். பூனை மிச்சம் வைக்கவில்லை.

"அத்தை?"

"நான் வைக்கலடி."

"காலையில நாந்தான்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். நான் வெச்சேன்னா ரெண்டு பேச்சோட போயிரும். எனக்குப் பழக்கந்தானே." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஒங்க மாமா வெச்சாரு."

அனுசியாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. எந்த மாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"நீ குளிக்கப் போனப்ப அலமாரியிலேர்ந்து எடுத்தாரு. லைட்டுக்குக் கீழ வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'இவ்ளோ சின்னதா பண்ண முடியுமா மீனம்மா, எந்த ஸ்பேனர வெச்சுடி இத முடுக்குவாங்க?'ன்னு கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? அப்புறம் ஜோடி சாமானுக்கு வலப்பக்கம் ஒரு பொட்டுப் போதும்னு அவரே சந்தனத்த எடுத்து வெச்சு, தட்டுல கொண்டு போயி வெச்சாரு."

"ஏன் அத்தை?"

"ஏனா?" மீனம்மா அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "அவரு கண்டதுக்கெல்லாம் பொட்டு வைக்க மாட்டாரு. டிவிக்கு வைன்னு காந்தன் கேட்டான், வைக்கல. தையல் மிஷினுக்கு வைன்னு இந்தத் தாரணி கேட்டா, 'அது சும்மா பொழுதுபோக்கு'ன்னுட்டாரு. தொழில்னு அவரு மனசு ஒத்துக்கிட்ட சாமானுக்குத்தான் வைப்பாரு. காலையில நீ அந்தக் கத்து கத்துன. அவரு வெச்சதுன்னு தெரிஞ்சு அவரையே நீ அப்படிக் கேட்டிருந்தா, அதுக்கப்புறம் எந்த ஜென்மத்துலயும் வைக்க மாட்டாரு. அதான் நாந்தான்னு சொன்னேன். அவரு வாசல்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. அங்க நின்னா அழுதுருவேன்னு பஸ் ஏறிட்டேன்."

பாதியில் வைத்த கோப்பைக்கும் திரும்பாத முகத்துக்கும் இப்போதுதான் அனுசியாவுக்கு அர்த்தம் தெரிந்தது. 'இது என்ன அம்மிக்கல்லா' என்று அவள் கத்தியது யார் நெஞ்சில் போய் விழுந்தது என்றும் தெரிந்தது. ஒரு மனிதர் ஒரு வருஷமாக வாயைத் திறக்காமல், உள்ளுக்குள் அவள் வேலையை இவ்வளவு பெரியதாக்கி வைத்திருக்கிறார். அந்த மௌனத்தை அவள் வெறும் வீம்பு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்!

தாரணி கோப்பியோடு வந்தவள், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டெலிபோனைத் தூக்கி வந்து தரையில் வைத்தாள்.

"பட்டறையிலதான் இருப்பாரு" என்றாள்.

நாளை அவர் கம்பெனிக்கு வர வேண்டும். எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டு, தலைக்கும் காலுக்கும் உறை போட்டுக்கொண்டு, ஒரு ஜப்பான்காரர் முன்னால் நின்று இன்னொரு பொட்டு வைக்க வேண்டும். 'ஸ்பேனர் பிடிக்கிற கை' என்று சொன்ன அதே வாயால் அந்தக் கையைக் கூப்பிட வேண்டும். அனுசியா எண்களைச் சுழற்றினாள். மீனம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காதை ரிசீவர் பக்கம் சாய்த்தார்.

மறுமுனையில் ஏதோ ஒரு மோட்டர் உறுமிக்கொண்டிருந்தது. "ஹலோ" என்றார் வீரப்பன்.

"மாமா, நான் அனுசியா பேசுறேன்."

'மீனம்மாகிட்ட குடு' என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அப்படிச் சொல்லவில்லை. உறுமிக்கொண்டிருந்த மோட்டரை யாரையோ அதட்டி நிறுத்தச் சொன்னார். பட்டறை அடங்கியது. அவர் மூச்சு விடுவது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"கெட்டுப் போச்சாம்மா?" என்று கேட்டார்.